பன்னிரண்டு அடி வத்தையும் வைகை அணையின் மேல்காற்றும்

போன ஞாயிறு காலை ஏழே முக்காலுக்குப் படகைக் கரையேற்றியபோது உள்ளே கால் வாளித் தண்ணீர்கூட இல்லை. கூடையில் பதினோரு கிலோ மீன். ஒரு கட்லா, நான்கு ரோகு, மீதியெல்லாம் ஜிலேபி. பரிசல்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் கிளம்பிய இடத்துக்கே, சொன்ன நேரத்துக்குள், கைகால் சிராய்ப்பு இல்லாமல் நானும் மச்சானும் திரும்பி வந்த முதல் நாள் அது. இதற்கு ஒன்பது மாதமும் இருபத்து நாலாயிரத்துச் சொச்சமும் ஆனது. மறப்பதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன்.

எனக்குச் செல்லூரில் மோட்டார் காயில் கட்டும் கடை. நீச்சல் தெரியும், அதுவும் கிணற்று நீச்சல். மதுரைப் பக்கத்து ஆட்களுக்கு மீன்பிடி என்றால் கண்மாய் வற்றும்போது ஊத்தாவைத் தூக்கிக்கொண்டு சேற்றில் இறங்குவதுதான். படகு என்றால் மாரியம்மன் தெப்பக்குளம். வீட்டுக்காரியின் அண்ணன் வைகை அணையின் மேற்குக் கரையில் இருக்கிறார். உரிமம் வாங்கிப் பரிசலில் மீன் பிடிப்பவர். கொஞ்சம் காற்றடித்தாலும் பரிசல் பம்பரமாகச் சுற்றுகிறது என்று அவருக்கு ரொம்ப நாள் சலிப்பு. ராமநாதபுரம் கடற்கரையில் பழைய ஃபைபர் வத்தை (கடலோரச் சிறு படகு) ஒன்று 9,000 ரூபாய்க்கு வருகிறது என்று கேள்விப்பட்டு வாங்கிவிட்டார். "மாப்ள, ஓட்டைய அடைச்சுக் குடுங்க, மீனு உங்களுக்கு" என்றார். டாடா ஏஸில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுவர வாடகை 3,200.

நீளம் பன்னிரண்டு அடி, அகலம் நான்கடி, பக்கச் சுவர் இருபது அங்குலம். செயின் பிளாக்கில் தொங்கும் தராசை மாட்டித் தூக்கிப் பார்த்தேன், 112 கிலோ. விற்றவர் முன்பக்கத்தை அணியம் என்றும் பின்பக்கத்தை அமரம் என்றும் சொல்லிக் கொடுத்தார். நல்ல சொற்கள், அதனால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

ஓட்டை கண்டுபிடிக்கப் படகைத் தண்ணீரில் விட வேண்டியதில்லை. இரண்டு கட்டைமேல் ஏற்றி, உள்ளே ஓஸ் பைப்பைப் போட்டு நான்கு அங்குலம் தண்ணீர் நிரப்பினேன். வெளியே கசிகிற இடத்திலெல்லாம் சாக்பீஸ் வட்டம். மூன்று இடம். அடிமுதுகை ஒட்டிப் பதினான்கு அங்குலப் பிளவு ஒன்று. எப்போதோ எஞ்சின் மாட்டிய அமரப் பலகையில் நான்கு போல்ட் துளைகள். அப்புறம் அணியத்தில், பாறையில் இடித்ததுபோல் நசுங்கிய ஒரு திட்டு. தண்ணீரை இறக்கிவிட்டு மூன்று நாள் வெயிலில் கவிழ்த்துப் போட்டேன். ஃபைபருக்குள் ஈரம் இருந்தால் ரெசின் பிடிக்காது.

முதல் தப்பு அடுத்த நாளே. பிளவின்மேல் உப்புத்தாள் தேய்த்து, மேட் (கண்ணாடி இழை விரிப்பு) வைத்து, ரெசின் தடவினேன். பார்க்க அழகாக இருந்தது. நான்கு நாள் கழித்து நகத்தால் ஓரத்தை நெம்பினால் மொத்த ஒட்டும் அப்பளம் போல் கையோடு வந்துவிட்டது. பெயின்ட்டின்மேல் ஒட்டியிருக்கிறேன், ஃபைபரில் ஒட்டவே இல்லை. இரண்டாவது தடவை கிரைண்டரில் நாற்பதாம் நம்பர் டிஸ்க் போட்டு, பெயின்ட் போய் வெறும் ஃபைபர் தெரியும்வரை அரைத்தேன். பிளவின் இரண்டு முனையிலும் நான்கு மில்லிமீட்டர் துளை, இல்லாவிட்டால் ஒட்டுக்கு அடியிலேயே பிளவு நீண்டுகொண்டு போகும். பிறகு ஓரத்தைச் சரிவாக அரைக்க வேண்டும். தகடு ஐந்து மில்லிமீட்டர் கனம் என்றால் இரண்டு பக்கமும் அறுபது மில்லிமீட்டராவது சரிவு வேண்டும், அதாவது கனத்தைப் போல் பன்னிரண்டு மடங்கு. அந்தத் தூசி உடம்பில் பட்டால் இரண்டு நாள் அரிக்கும். முழுக்கை சட்டை, கண்ணாடி, முகமூடி இல்லாமல் தொடாதீர்கள். நான் சட்டையைக் கழற்றிவிட்டுச் செய்தேன், வேறென்ன சொல்ல.

450 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 450 கிராம்) மேட் நான்கு அடுக்கு, ஒன்றைவிட ஒன்று ஓர் அங்குலம் பெரிதாக. மேட்டின் எடையைப் போல் இரண்டு மடங்கு ரெசின். ரெசினை இறுக வைக்கும் ஹார்டனர் இரண்டு சதவீதம் என்று டப்பாவில் போட்டிருந்ததை அப்படியே நம்பி, சித்திரை மாதம் மதியம் பன்னிரண்டு மணிக்கு ஒரு கிலோ ரெசினில் இருபது மில்லி ஊற்றினேன். ஐந்தாவது நிமிடம் மக் சூடானது, ஆறாவது நிமிடம் உள்ளே கொழுக்கட்டை, பிரஷ்ஷும் அதோடு போனது. நம் ஊர் வெயிலுக்கு ஒரு சதவீதம் போதும், அதுவும் காலை எட்டுக்கு முன்னால், அரைக் கிலோ அரைக் கிலோவாகக் கலந்தால்தான் கையாள முடிகிறது. கடையில் ரெசின் வாங்கும்போது, இறுகுவதை விரைவாக்கும் கோபால்ட் ஏற்கனவே கலந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கலக்காதது என்றால் முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, பிறகுதான் ஹார்டனர். அவை இரண்டும் நேருக்கு நேர் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கடைக்காரர் இதை மூன்று முறை சொன்னார். நானும் ஒரு முறை சொல்லி வைக்கிறேன்.

மே முதல் வாரம் மறுபடி நான்கு அங்குலம் தண்ணீர் நிரப்பி ராத்திரி முழுக்க விட்டேன். காலையில் அடியில் ஒரு சொட்டு இல்லை. வேலை முடிந்தது என்று நினைத்து மறுபடி டாடா ஏஸை வரச் சொன்னேன். நல்லவேளை, அந்த வண்டிக்காரர் என் பழைய வாடிக்கையாளர். டீசல் மட்டும் போட்டுக்கொண்டார்.

கரையில் இறக்கியபோது பரிசல்காரப் பெரியவர் ஒருவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மச்சான் அவரைச் சித்தப்பா என்பார். ஒட்டுப் போட்ட இடத்தை விரலால் சுண்டினார். "தண்ணி உள்ள வந்தா என்னாகும்?" என்றார்.

"வராது சித்தப்பா, ராத்திரி முழுக்கப் பாத்துட்டேன்."

"வராதுன்னு தெரியுதுப்பா. வந்தா?"

எனக்குப் பதில் இல்லை. பரிசல் என்பது மூங்கில். கவிழ்ந்தாலும் நிறைந்தாலும் மூங்கில் மிதக்கும், பிடித்துக்கொண்டு தொங்கலாம். ஃபைபர் தண்ணீரைவிடக் கனம், லிட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. நிறைந்தால் நேராக அடிக்குப் போய்விடும். தண்ணீர் உள்ளே வராமலிருக்க மூவாயிரத்துக்கு மேல் செலவழித்த நான், வந்துவிட்டால் என்ன என்பதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கவில்லை.

கணக்குப் போட்டேன். 112 கிலோ ஃபைபர் முழுக்க மூழ்கினால் தண்ணீருக்குள் அதன் கனம் ஏறக்குறைய 37 கிலோ. நங்கூரம், இரும்புச் சாமான் எல்லாம் சேர்த்து 45 என்று வைத்துக்கொள்வோம். தலை மட்டும் வெளியே தெரிய இரண்டு பேர் பிடித்துத் தொங்க இன்னொரு இருபது. ஒரு லிட்டர் தெர்மாகோல் ஏறக்குறைய ஒரு கிலோவைத் தூக்கும். ஒரு மீட்டருக்கு அரை மீட்டர், ஐந்து சென்டிமீட்டர் கனம் உள்ள ஷீட் 25 லிட்டர். ஆறு ஷீட் போட்டால் 150 லிட்டர், தாராளம்.

இருக்கைக்கு அடியில் நான்கு ஷீட்டை அடுக்கி, அவை நகராமலிருக்க மேலே மேட் போட்டு ரெசின் ஊற்றினேன். ஊற்றிய இடத்தில் 'சுர்' என்று ஒரு சத்தம். தெர்மாகோல் கண்ணெதிரே கரைந்து குழியானது. பாலியஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் தெர்மாகோலைச் சர்க்கரை மாதிரிக் கரைத்துவிடும். இது தெரிந்தவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எனக்கு 520 ரூபாயும் ஒரு சாயங்காலமும் போனது. கரைந்த பிசினைச் சுரண்டி எடுக்க இன்னொரு சாயங்காலம். புது ஷீட்டுகளைத் தடிமனான பாலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி, வாயை டேப்பால் அடைத்து, ரெசின் பக்கமே போகாமல் நைலான் பெல்ட்டால் கட்டினேன்.

கட்டிய இடமும் தப்பு. அடியில் பலகைக்குக் கீழே வைத்தால் இடைஞ்சல் இருக்காது என்று ஆறையும் அங்கேயே செருகினேன். மார்பளவுத் தண்ணீருக்குக் கொண்டுபோய் வேண்டுமென்றே ஒரு பக்கம் அழுத்தி நிரப்பினோம். மூழ்கவில்லை. ஆனால் சட்டென்று புரண்டு வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. மிதக்கிற பொருள் அடியில் இருந்தால் அது மேலே வரப் பார்க்கும், படகு தலைகீழாகத்தான் நிற்கும். கவிழ்ந்த ஃபைபரில் பிடித்துக்கொள்ள ஓர் இடமும் இல்லை, பாசி படிந்த பாறை மாதிரி வழுக்குகிறது. தெர்மாகோலைப் பிரித்து இரண்டு பக்கச் சுவரிலும் விளிம்புக்குக் கீழே மேலாக இரண்டிரண்டு, அணியத்தில் ஒன்று, அமரத்தில் ஒன்று என்று மாற்றிக் கட்டினோம். இந்த முறை நிரப்பியபோது படகு நிமிர்ந்தே நின்றது. விளிம்பு தண்ணீருக்கு மேலே மூன்று விரல்கடை. நானும் மச்சானும் உள்ளே ஏறி உட்கார்ந்தோம், இடுப்பு வரை தண்ணீரில், தொட்டியில் குளிக்கிற மாதிரி. பெரியவர் கரையில் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு தலையாட்டினார். இந்த ஒரு சோதனைக்காக அரை நாள் போனாலும் சரி, யாரும் விட்டுவிடாதீர்கள்.

அதே நாளில் பாரச் சோதனையும் செய்தோம். இருபது லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று இருபது கிலோ என்பதால் தராசு தேவையில்லை. காலியாக மிதந்தபோது தண்ணீருக்கு மேலே சுவர் பதினாறு அங்குலம். பதினைந்து கேன், அதாவது முந்நூறு கிலோ ஏற்றியதும் பன்னிரண்டுக்குக் கொஞ்சம் கீழே வந்தது. எழுபது எழுபத்தைந்து கிலோவுக்கு ஓர் அங்குலம் இறங்குகிறது. விளிம்பிலிருந்து பன்னிரண்டு அங்குலம் கீழே, வெளிப்பக்கம் சிவப்புப் பெயின்ட்டில் கோடு போட்டுவிட்டேன். கோடு நனைந்தால் மீனோ ஆளோ ஒன்றை இறக்க வேண்டும்.

மிதவைச் சட்டை விஷயத்தில் சிக்கனம் பார்த்தேன். 450 ரூபாய்க்கு இரண்டு வாங்கினேன், ஆரஞ்சு நிறம், விசில்கூட இருந்தது. கடை டிரம்மில் தண்ணீர் நிரப்பி, ஐந்து கிலோ இரும்பைக் கட்டிப் போட்டேன். இரும்பு தண்ணீருக்குள் கனம் குறையும், ஐந்து கிலோ நாலரைகூட இருக்காது. சட்டை பேசாமல் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. தலையை வெளியே வைத்துக்கொள்ள ஓர் ஆளுக்கு நாலைந்து கிலோ தூக்கு விசையாவது வேண்டும். அடுத்து 1,450 ரூபாயில் இரண்டு. எட்டுக் கிலோ இரும்பை அது தூக்கிக்கொண்டு நின்றது. இன்னொன்று: தொடைக்கு இடையில் போகும் பட்டை இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் தண்ணீரில் குதித்ததும் சட்டை காதுவரை ஏறிவிடும், ஆள் கீழே நழுவுவான். பழைய இரண்டும் இப்போது கடையில் சாய்ந்து உட்காரத் தலையணை.

ஜூன் மாதம் இரண்டாவது ஞாயிறு முதல் பயணம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் படகில் எந்தக் குறையும் இல்லாமலே மாட்டிக்கொண்டோம்.

வைகை அணை கிழக்கோரத்தில் இருக்கிறது. முழுக்க 71 அடி நிரம்பினால் தண்ணீர் மேற்கே கிலோமீட்டர் கணக்கில் விரியும், 2,400 எக்டேருக்குப் பக்கம். ஆனி, ஆடியில் கம்பம் பள்ளத்தாக்கு வழியாக மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று, இறங்கும். அதற்காகத்தானே ஆண்டிபட்டி, தேனிப் பக்கமெல்லாம் காற்றாலை நட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் காற்றை பஸ் ஜன்னலில் பார்த்திருக்கிறேன், தண்ணீரில் பார்த்ததில்லை. மச்சானின் துறை மேற்குக் கரை. காலை ஆறு மணிக்குத் தண்ணீர் கண்ணாடி. காற்றே இல்லை என்று நினைத்தோம். இருந்தது, கரையும் மரமும் மறைத்துக்கொண்டிருந்தன. அரைக் கிலோமீட்டர் போனதும் முதுகில் குளிர்ச்சியாக ஒரு தள்ளு. துடுப்புப் போடாமலே படகு ஓடியது. "வத்தைன்னா வத்தைதான் மாப்ள" என்று மச்சானுக்கு ஒரே சந்தோஷம். ஒன்றரைக் கிலோமீட்டர் கிழக்கே போய் வலை விட்டோம்.

ஒன்பதரைக்குத் திரும்பத் தொடங்கினோம். அதற்குள் அலைமேல் அங்கங்கே வெள்ளை நுரை. கரையில் ஒரு பனையையும் அதற்குப் பின்னால் ஒரு செல்போன் கோபுரத்தையும் நேராக வைத்துக்கொண்டு வலித்தேன். இருபது இழுப்புக்குப் பத்தடி முன்னால் போவோம். மூச்சு வாங்க நிறுத்தினால் இருபதடி பின்னால். பதினைந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் பனை இருந்த இடத்தில் பனை இல்லை. படகை நிறுத்தி வைக்கலாம் என்று மணல் மூட்டையை இறக்கினோம். எனக்கு எட்டும் தூரத்தில் அமரம்தான் இருந்தது, அதில் கட்டிவிட்டேன். மூட்டை தரையைக் கீறிக்கொண்டு கூடவே வந்தது. ஆனால் படகைத் திருப்புவதற்கு மட்டும் அதற்குப் பலம் இருந்தது. அமரம் காற்றைப் பார்த்துத் திரும்பியது. அமரப் பலகை தட்டை, உயரமும் குறைவு. மூன்றாவது அலை நேராக உள்ளே ஏறியது, ஐந்தாவது அலைக்குக் கால் முட்டி வரை தண்ணீர். இறைக்கிற டப்பா எங்கே என்று தேடினேன், அது எங்களுக்கு முன்னால் கிழக்கே போய்க்கொண்டிருந்தது. அதைக் கட்டி வைக்கவில்லை.

கயிற்றை அறுத்துவிட்டோம். படகு விளிம்பு வரை நிறைந்து, மே மாதம் பார்த்த அதே நிலையில் நின்றது. தெர்மாகோல் அலைக்கு ஏற்பக் கிரீச் கிரீச் என்று கத்திக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் நின்றுவிடக் கூடாது என்று மட்டும்தான் அப்போது நினைத்தேன். மச்சான் கைலி கட்டியிருந்தார். அது நனைந்து இரண்டு காலையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டது, கத்தியால் கிழித்து எடுத்தோம். நாற்பது நிமிடம் மிதந்து தென்கரையில் ஒரு முனையில் ஒதுங்கினோம். அங்கே கரை முழுக்கச் சீமைக்கருவேலம். ஒரு துடுப்பு, ஒரு தங்கூசி வலை, என் போன் மூன்றும் போயின. அணைச் சுவர் பக்கமாக, மதகை நோக்கித் தள்ளியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று அன்று ராத்திரி யோசித்தேன். அணையை ஒட்டிய பகுதிக்குள் போகவே கூடாது. தடை ஒரு பக்கம் இருக்கட்டும், அங்கே ஒதுங்கக் கரையும் இல்லை.

ஆடி முழுக்கப் படகைத் தொடவில்லை. கடையில் உட்கார்ந்து நங்கூரம் செய்தேன். பன்னிரண்டு மில்லி முறுக்குக் கம்பியில் நான்கு கொக்கி, நடுவில் பைப், மொத்தம் ஆறு கிலோ, அதோடு ஆறடிச் சங்கிலி. சங்கிலி எதற்கென்றால் கயிறு மேலே இழுத்தாலும் கொக்கி தரையோடு படுத்துக் கிடக்க. கயிறு எட்டு மில்லி, 40 மீட்டர். ஆழத்தைப் போல் நான்கைந்து மடங்கு கயிறு விட்டால்தான் கொக்கி பிடிக்கிறது. வலை விடும் இடங்களில் எட்டு மீட்டருக்குமேல் ஆழம் இல்லை என்று கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கிப் பார்த்துக்கொண்டோம். கயிறு கட்டும் வளையம் அணியத்தில் மட்டும்தான். அமரத்தில் இருந்த வளையத்தை கிரைண்டரால் அறுத்தே எடுத்துவிட்டேன், அவசரத்தில் கை அங்கே போகாமலிருக்க. கயிற்றின் மறுமுனையில் ஐந்து லிட்டர் எண்ணெய் கேன். நங்கூரம் எங்காவது மாட்டிக்கொண்டால் கயிற்றோடு விட்டுவிட்டு வரலாம், கேன் மிதந்து இடத்தைக் காட்டும்.

இறைக்கும் டப்பா இரண்டு, இரண்டும் கயிற்றில். துடுப்பு மூன்று, ஒன்று உபரி. விசிலும் கத்தியும் சட்டையிலேயே. கைலிக்குத் தடை, அரைக்கால் சட்டைதான். மச்சானுக்கு இது பெரிய மானப் பிரச்சினை, ஒரு வாரம் பேசி ஒத்துக்கொண்டார். போன் தண்ணீர் புகாத பையில். கரையில் மச்சானின் மகளிடம் எந்தத் திசை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவது. ஒரு மணி நேரம் தாண்டினால் அவள் பெரியவரிடம் போய்ச் சொல்வாள்.

இதையெல்லாம்விடப் பெரிய மாற்றம் ஒன்றுக்குச் செலவே இல்லை. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் முதலில் போவது. போகும்போது உடம்பில் தெம்பு இருக்கும், எதிர்த்து வலிக்கலாம். களைத்துத் திரும்பும்போது காற்றே கொண்டுவந்து விடும். எதிர்க்காற்றில் அரை மணி நேரம் வலிக்க முடியவில்லை என்றால் அன்று அவ்வளவுதான், கரை பக்கத்தில்தான் இருக்கும். பெரியவரிடம் சொன்னபோது, "இதத்தான அன்னிக்கே கேப்பீங்கன்னு பாத்தேன்" என்றார். நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மேற்குக் கரைத் துறையிலிருந்து பார்த்தால் மேல்காற்று மாதங்களில் எல்லாப் பக்கமும் கிழக்குதான், அதனால் ஆனியிலும் ஆடியிலும் இந்தத் துறையிலிருந்து கிளம்புவதே இல்லை என்று முடிவு. வாடைக் காலத்தில் காற்று மாறி வடகிழக்கிலிருந்து வரும், அப்போது இந்தத் துறை பொருத்தமாகிவிடுகிறது.

ஐப்பசியில் இரண்டாவது பயணம், இருநூறு மீட்டரோடு முடிந்தது. வருசநாட்டு மலைப் பக்கம் கறுத்து, தூரத்தில் ஓர் இடி. திறந்த தண்ணீரில் நாங்கள் இருவரும்தான் உயரமான பொருள், அதனால் பேசாமல் திரும்பினோம். வரும் வழியில் படகு எதன்மேலோ ஏறி நின்றது. கையைவிட்டுப் பார்த்தால் சீமைக்கருவேல மரத்தின் உச்சி. அணை வற்றிக் கிடக்கும்போது அவை முளைத்துக் காடாகிவிடும், தண்ணீர் ஏறினால் முள்ளோடு உள்ளே போய்விடும். மேலிருந்து ஒன்றும் தெரியாது. கம்பால் தள்ளித் தள்ளித்தான் வெளியே வந்தோம். அப்புறம் அந்த வாரமே மட்டம் ஏறியது. மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5-க்கு இரண்டாவது, 69-க்கு மூன்றாவது என்று கீழே உள்ள கரையோர ஊர்களுக்கு அறிவிப்பார்கள். அது தேனியிலிருந்து ராமநாதபுரம் வரை ஆற்றோரம் இருப்பவர்களுக்கானது என்றாலும் நாங்களும் அதையே எடுத்துக்கொண்டோம். ஆற்றில் புதுத் தண்ணீர் வரும் நாட்களில் மூல வைகையிலிருந்து மரத்தூரும் கிளையும் மிதந்து வரும். அந்தக் கட்டை இடித்தால் என் ஒட்டு தாங்குமா என்று சோதித்துப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

போன ஞாயிறுக்கு வருகிறேன். சனிக்கிழமை சாயங்காலம் கிழக்கே எழுநூறு மீட்டரில் வலை விட்டு வந்தோம். காலை ஐந்தேகாலுக்கு எழுந்து முதலில் காற்றாலையைப் பார்த்தேன். இறக்கை மெதுவாகச் சுற்றியது, முகம் வடகிழக்கே. சரியான திசை. போக இருபத்தைந்து நிமிடம், எதிர்க்காற்றில். தோளில் வலி தெரிந்தது, ஆனால் அது நல்ல வலி.

வலை இழுப்பதில்தான் பெரும்பாலும் ஆட்கள் கவிழ்கிறார்கள் என்று பெரியவர் சொல்லியிருந்தார். ஒரு பெரிய மீன் தெரிந்ததும் இரண்டு பேரும் ஒரே பக்கம் எட்டிப் பார்ப்பார்கள், நாலடி அகலப் படகுக்கு அது போதும். அதனால் பக்கவாட்டில் இழுக்காமல் அணியத்தின் மேலாக இழுத்தோம். மச்சான் முட்டிபோட்டு உட்கார்ந்து கை மாற்றி மாற்றி இழுக்க, நான் நடு இருக்கையில் துடுப்போடு படகை வலையின் வரிசைக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். இப்படி இழுத்தால் படகே வலையின்மேல் நகர்ந்து போகிறது, கைக்கும் பாரம் குறைவு. நடுவில் ஓர் இடத்தில் வலை எங்கோ மாட்டிக்கொண்டது. மச்சான் எழுந்து நின்று இழுக்கப் போனார். "மச்சான், உக்காருங்க" என்றேன். அவர் வயதுக்கு நான் அதட்டியது இதுதான் முதல் தடவை. முறைத்தார், ஆனால் உட்கார்ந்தார். வராத இடத்தில் வலையை அறுத்துவிட்டோம், இரண்டு முழம் போனது. கட்லா கடைசிப் பாகத்தில்தான் இருந்தது, மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேல். செவுளில் வலை இறுக்கிப் பிடித்திருக்க, வாலால் ஓர் அடி அடித்து மச்சான் முகமெல்லாம் தண்ணீர்.

திரும்பப் பதினான்கு நிமிடம். சிவப்புக் கோடு நனையவில்லை.

செலவு: படகு 9,000, கொண்டுவர 3,200, ரெசின், மேட், ஹார்டனர், டிஸ்க் எல்லாம் 3,290, தெர்மாகோலும் பாலித்தீனும் பெல்ட்டும் 1,750, மிதவைச் சட்டை நான்கு 3,800, நங்கூரமும் கயிறும் 2,000, துடுப்புகள் 1,800. மொத்தம் 24,840. இதில் என் தப்புகளின் விலை மட்டும் இரண்டாயிரத்தை ஒட்டி வரும். போனையும் தொலைத்த வலையையும் சேர்க்கவில்லை, சேர்த்தால் வீட்டில் பிரச்சினை.

மறுபடி முதலிலிருந்து செய்வதென்றால் ஒட்டுப் போடுவதற்கு முன்னாலேயே தெர்மாகோல் கட்டி நிரப்பிப் பார்த்துவிடுவேன். ஒட்டு கசிந்தால் ஈரம்தான், மிதவை இல்லாவிட்டால் ஆள் போய்விடுவான். அமரப் பலகையை இரண்டு அங்குலம் உயர்த்துவேன். அது இந்தக் கோடையில் நடக்கும். பாலித்தீன் ஓரிடத்தில் உரசிக் கிழிந்திருக்கிறது, அதைத் தார்ப்பாய்த் துண்டால் மாற்ற வேண்டும். அப்புறம் இடது துடுப்பு மாட்டும் கொண்டி தேய்ந்து லொடலொடவென்று ஆடுகிறது. கடையில் பழைய ஒரு எச்.பி. மோட்டாரின் கன்மெட்டல் புஷ் ஒன்று கிடக்கிறது, உள்விட்டம் ஒரு மில்லி மட்டும் கூடுதல். அடுத்த வாரம் லேத்தில் கொடுத்து உள்ளே ஒரு ஸ்லீவ் போட்டு மாட்டிப் பார்க்கிறேன்.